கவ்வாத்துச் சாமிக்கு எந்த ஊர்?

ஏழாம் நம்பர் மலையின் அடியில் பதினான்கு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவிட்டு, கையில் ஒரு கல்லுடன் நின்றேன். காலை வெயில் முதுகில் சுள்ளென்று விழுந்தது. இலங்கை மலைநாட்டு நோர்வூட்டில் அப்படி ஒரு வெயில் கிடைப்பதே அபூர்வம் என்பதால், பத்தாம் வகுப்புப் புவியியல் பாடத்தை வெளியே கொண்டுவந்திருந்தேன்.

மேலே கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை அது. சரக், சரக் என்று கத்திகள் விழும் சத்தம். வெட்டிப்போட்ட குச்சிகளின் பச்சை வாசனை பாதைவரை வந்தது. அந்த வரிசையில் நான்காவது ஆள் என் அண்ணன் மாரியப்பன்.

எனக்கு முன்னால், பாதையோரத்து சிமெந்து மேடையில், கவ்வாத்துச் சாமி இருந்தது. கோபுரமும் இல்லை, கூரையும் இல்லை. உரித்த தேங்காய் இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு கல், அவ்வளவுதான். எண்ணெய் தடவித் தடவிக் கறுத்திருந்தாலும் ஒரு பக்கம் கல்லின் நிறம் தெரிந்தது.

"என் கையில இருக்கிறது இந்த மலையில உடைச்ச கல்லு. இப்ப சாமிக் கல்லைப் பாருங்க. அதே கரும்பச்சை, உள்ளுக்க அதே செவப்புப் பொட்டு. அப்போ இந்தச் சாமி எங்கயிருந்து வந்துச்சு?"

"இந்தியாவிலயிருந்து, டீச்சர்!" பதினான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அதுதான் பதில்.

"இல்ல. இந்த மலையிலயிருந்துதான். யாரும் எங்கயிருந்தும் தூக்கிட்டு வரல. அதெல்லாம் சும்மா கதை."

தர்ஷினி என்ற பிள்ளை மட்டும் கையைத் தூக்கினாள். "டீச்சர், நேத்து நீங்க கண்டமெல்லாம் ஒன்னா இருந்துச்சுன்னு சொன்னீங்களே. அப்போ இந்தியாவிலயும் இதே கல்லு இருக்கும்ல?"

"மணி அடிக்கப் போகுது, நட" என்றேன்.

மேலே ஒரு கத்தியின் சத்தம் மட்டும் நின்றிருந்தது. அது யாருடைய கத்தி என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முந்திரிக்கொட்டை

தலவாக்கலை பஸ்ஸில் குடையைத் தொலைத்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். புதுக்குடை அனுப்பட்டுமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வேண்டாம், நன்றி. குடை போனால் வாங்கிக்கொள்ளலாம். இந்த வாரம் எழுதுவது ஆளைத் தொலைத்த கதை.

சின்ன வயதிலேயே அம்மா என்னை முந்திரிக்கொட்டை என்பார். வகுப்பில் கேள்வி முடியுமுன்பே கையைத் தூக்குகிற சாதி நான். டீச்சரான பிறகு கேட்கவே வேண்டாம். கேள்வியும் என்னுடையது, பதிலும் என்னுடையது என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு நான் உளறியது வெறும் கல்லைப் பற்றியதாக இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அந்தக் கல்லில் எங்கள் வீட்டு மானம் ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் பூட்டன் மதுரைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைக்கு ஏறினாராம். வழியில் ஒவ்வொரு சாமானாக எறிந்துவிட்டார். கம்பளியில் சுற்றி வைத்திருந்த இந்தக் கல்லை மட்டும் விடவில்லை. இதுதான் வீட்டில் சொல்லிவந்த கதை.

அதனால்தான் கவ்வாத்துப் பூசையில் எங்கள் வீட்டுக்கு ஓர் உரிமை உண்டு. ஒவ்வொரு வருஷமும் கவ்வாத்து தொடங்குகிற காலையில் ஆண்கள் எல்லோரும் கத்திகளைச் சாமி முன்னால் வரிசையாக வைப்பார்கள். எலுமிச்சம்பழம், சுருட்டு, கற்பூரம். அப்புறம் எங்கள் வீட்டு ஆள் முதல் கத்தியை எடுத்து, கல்லின் ஓரத்தில் மூன்று தரம் தீட்டுவார். அதற்குப் பிறகுதான் யாரும் செடியில் கை வைக்கலாம். தாத்தா தீட்டினார், அப்பா தீட்டினார், அப்புறம் அண்ணன்.

அண்ணன் கங்காணி இல்லை, தோட்டத் தலைவரும் இல்லை. வருஷம் முழுக்கக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டால் "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிற மனிதர். அந்த ஒரு காலையில் மட்டும் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாகூட சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் நிற்பார்.

பிள்ளைகள் என் பாடத்தை வீட்டில் போய் ஒப்பித்தார்கள். நல்ல மாணவர்கள். அன்று சாயங்காலமே, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஒருவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டாராம்.

"என்னா மாரி, ஒங்க பூட்டன் இந்தியாவிலயிருந்து தூக்கிட்டு வந்த கல்லு ஏழாம் நம்பர்லயே கெடந்துச்சாமே? ஒன் தங்கச்சிதான் சொல்லிக் குடுத்திருக்கு."

அண்ணன் நேரே வீட்டுக்கு நடந்தார். பூசை மணி, தட்டு, விளக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கோயில் கமிட்டிக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அப்புறம் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"பூட்டனைப் பொய்யனாக்கிட்டியே, டீச்சரம்மா."

அதுதான் கடைசிப் பேச்சு. அண்ணன் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து என் கையால் இரண்டு ரொட்டி சாப்பிட்டுப் போகிறவர், ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ரொட்டியில் ஒரு கருகல்

ரொட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. கண்டங்கள் நகர்ந்த கதையை நான் ரொட்டியை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஒரு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து மேசையில் தள்ளி வைப்பேன். "ஒன்னா இருந்ததா, வேற வேற ரொட்டியா?" என்று கேட்பேன். பிள்ளைகள் ஓரத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். பொருந்தும். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் படத்தில் அப்படித்தான் பொருந்துகின்றன.

"ஓரம் பொருந்தினா போதுமா? தற்செயலாவும் பொருந்தலாமே" என்று அடுத்துக் கேட்பேன். அப்போது கெட்டிக்காரப் பிள்ளை யாராவது, தோசைக்கல்லில் பட்ட கருகலைக் காட்டும். இந்தப் பாதியில் தொடங்கிய கருகல் அந்தப் பாதியில் முடியும். அதுதான் சாட்சி. ஒரு கரையில் அறுந்த மலைத்தொடர் கடலுக்கு அந்தப் பக்கம் தொடர்கிறது. கடலை நீந்தித் தாண்ட முடியாத ஒரு சின்ன ஊர்வனவின் எலும்பு இரண்டு கரையிலும் கிடைக்கிறது. ஒரே செடியின் இலை இந்தியாவிலும் அண்டார்டிக்காவிலும் கல்லாகிக் கிடக்கிறது. வெயில் கொளுத்துகிற நாடுகளில் பனிப்பாறை இழுத்துப்போன கீறல்கள்.

இதையெல்லாம் சேர்த்துச் சொன்னவர் வானிலை ஆராய்ந்த ஒரு ஜெர்மன்காரர். கல்லைப் படித்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். "நிலத்தைத் தள்ளினது எது?" என்று கேட்டால் அவரிடம் சரியான பதில் இல்லை. பாவம், பனிக்காட்டில் செத்துப்போனார். கடலின் அடியில் தரை பிளந்து புதுத்தரை உண்டாகிறது என்று பிற்பாடு கண்டுபிடித்த பிறகுதான் சிரித்தவர்கள் வாயை மூடினார்கள்.

நம் மலைநாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தச் சிவப்புப் பொட்டுக் கல்லுக்குச் சொந்தக்காரக் கல் மடகஸ்காரில் இருக்கிறது, அண்டார்டிக்காவில் பனிக்கடியில் இருக்கிறது, தென்னிந்தியாவில் தாராளமாக இருக்கிறது. எல்லாம் ஒரே நிலமாக இருந்தபோது வெந்த கல். மடகஸ்காரும் அண்டார்டிக்காவும் விலகிப் போய்விட்டன. நமக்கும் இந்தியாவுக்கும் நடுவில் இன்னும் ஆழமில்லாத தண்ணீர்தான்.

இருபது வருஷமாக இதைப் பாடம் நடத்துகிறேன். பட்டிப்பொல ஸ்டேஷன் பக்கத்தில் பொறுக்கிய ஒரு கல்லை மேசையில் வைத்துக்கொண்டு நடத்துகிறேன். அந்தப் பாடம் நடத்திய மறுநாளே அதே வாயால், "இந்த மலைக் கல் மாதிரி இருக்கிறது, அதனால் இந்தியக் கல் இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளை அங்கேயே பிடித்துவிட்டது. நான் மணி அடிக்கப் போகுது என்றேன்.

வெற்றிலைத் தட்டு

என் மகள் கவிதாவுக்குத் தையில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை ஹட்டனில் வேலை செய்கிறார், நல்ல பையன். எல்லாம் கூடிவந்தது, தாய்மாமன் மட்டும் வரவில்லை.

எங்களில் மாமன் மாலை போடாமல் பெண்ணை மணவறைக்கு அனுப்ப மாட்டோம். கவிதாவுக்கு இருப்பது ஒரே மாமன். சடங்கான அன்று குச்சு கட்டியவர் அவர். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டு மழையில் ஆஸ்பத்திரிக்கு நடந்தவரும் அவர்தான்.

"மாமா வராட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்மா" என்றாள். சொன்னது ஒரு தடவைதான். அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நானும் வீட்டுக்காரரும் வெற்றிலைத் தட்டோடு இரண்டு தடவை அண்ணன் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். அண்ணன் என் வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றிப் பேசினார். அண்ணி தேத்தண்ணி கொடுத்தார். தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டு தடவையும் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் நான் சொன்னது சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு படம்

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் லயத்தில் ஒரே அறையில், ஒரே காம்பிராவில் வளர்ந்தவர்கள். இவருக்கு இந்த நாடு, அவருக்கு அந்த நாடு என்று இரண்டு அரசாங்கமும் கடதாசி போட்டுப் பிரித்த காலத்தில், அப்பா இங்கே நின்றார், சித்தப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். இங்கே இருந்தவரை இந்தியாக்காரன் என்றார்கள். கோத்தகிரிக்குப் போனதும் சிலோன்காரன் என்றார்கள். அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் மலைதான்.

போகிற அன்று காலை, சித்தப்பா சாமிக் கல்லில் பாதியைக் கேட்டாராம். அப்பா பாதி கொடுக்கவில்லை. உளியை வைத்து ஓரத்தில் ஒரு தட்டு தட்டி, கைப்பிடி அளவு துண்டு ஒன்றைக் கொடுத்தார். சித்தப்பாவின் மகன் முருகேசு அதை இன்னும் பூசைத்தட்டில் வைத்துக் கும்பிடுகிறான். எனக்குத் தம்பி முறை. வாட்ஸ்அப்பில் தினமும் குட்மோர்னிங் அனுப்புகிறவன்.

கவிதா கல்யாணத்துக்குச் சொல்லப் போனில் கூப்பிட்டபோது, அண்ணன் சங்கதியையும் அவனிடம் கொட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, ஒரு படம் அனுப்புறேன். ரெண்டு கல்லு இருக்கும். ஒன்னு அப்பா அங்கேருந்து கொண்டாந்த சாமி. இன்னொன்னு எங்க வீட்டுக்குப் பின்னாடி ரோட்டுக்கு மண்ணு வெட்டுனப்ப எடுத்தது. எது நம்ம சாமின்னு நீங்க சொல்லுங்க. புவியியல் டீச்சர்தானே."

படம் வந்தது. சந்தனத்தைக் கழுவித் துடைத்து இரண்டையும் ஒரு துண்டின் மேல் வைத்திருந்தான். கரும்பச்சை, கரும்பச்சை. சிவப்புப் பொட்டு, சிவப்புப் பொட்டு. பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். வெயிலில் போய் நின்று பார்த்தேன்.

எனக்குத் தெரியவில்லை.

நோர்வூட் கல்லும் கோத்தகிரிக் கல்லும் என் உள்ளங்கைக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்படியானால் பூட்டன் கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவராமலும் இருந்திருக்கலாம். கல் அதைச் சொல்லாது. தர்ஷினி கேட்டது இதைத்தான். முகம் காதுவரை சூடேறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டு இல்லாமல், போனை மட்டும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அண்ணன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மாவுக்கு என்னா வேணுமாம்?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"முருகேசு படம் அனுப்பியிருக்கான்ணே. ஒன்னு சித்தப்பா கொண்டுபோன துண்டு, ஒன்னு அந்த ஊர்க் கல்லு. எது எதுன்னு எனக்குத் தெரியல."

அண்ணன் திரும்பினார். "என்னாது?"

"தெரியலண்ணே."

நான் பேசப் பழகிய நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் என் வாயிலிருந்து கேட்டிருக்க மாட்டார். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, போனை வாங்கிக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். இரண்டு நிமிஷம் எல்லாம் ஆகவில்லை.

"இந்தா, இதான்."

"எப்பிடிண்ணே?"

"ஓரத்துல பள்ளம் தெரியுதா? அது கத்தி போன தடம். தாத்தா தீட்டினது, அப்பா தீட்டினது. உடைக்கையில தடத்துக்கு நடுவுல உடைஞ்சிருச்சு. பாதி சித்தப்பாகிட்ட போச்சு, மீதி நம்மகிட்ட இருக்கு."

நான் பொட்டையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தைப் பார்க்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கருகலைக் காட்டுகிறவள் நான்.

"எந்த ஊர்க் கல்லுன்னு நான் எப்பவாச்சும் ஒன்கிட்ட கேட்டேனா? பூட்டன் சொன்னாரு, நம்பினோம். நீ படிச்சவ, வேற சொல்லு, பரவாயில்ல. சும்மா கதைன்னு சொன்ன பாரு. அதான் தாங்கல."

"மன்னிச்சிருங்கண்ணே. தப்புத்தான்."

"இங்க சொல்லி என்னா செய்ய? நானும் ஒங்க அண்ணியும் டிவியுந்தான் இருக்கோம். பிள்ளைங்க முன்னாடி சொன்ன, பிள்ளைங்க முன்னாடியே வந்து சொல்லு. இன்னும் பதினஞ்சு நாள்ல கவ்வாத்து ஆரம்பிக்குது."

பதினான்கு பேர் முன்னால்

கவ்வாத்துப் பூசைக்குப் பெண்கள் கிட்டப் போகிற வழக்கம் இல்லை. கீழ் ரோட்டில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவோம். அன்று அதே பதினான்கு பிள்ளைகளோடு, இப்போது பதினோராம் வகுப்பு, மேடைவரை போனேன். பனிமூட்டம். கற்பூரப் புகையும் பனியும் கலந்து நின்றன. கத்திகள் வரிசையாக இருந்தன. கமிட்டிக்காரர் பூசைப் பையைக் கொண்டுவந்து அண்ணன் காலடியில் வைத்திருந்தார். அண்ணன் இன்னும் அதைத் தொடவில்லை.

எனக்கு மேடைக் கூச்சம் கிடையாது. அன்று மட்டும் தொடங்குவதற்கு முன் பிள்ளைகளை இன்னொரு தடவை எண்ணினேன்.

"பிள்ளைகளே, போன வருஷம் இதே இடத்துல நான் ஒரு தப்பான பாடம் சொன்னேன். இந்த மலைக் கல்லு மாதிரி இருக்கிறதால இது இந்தியாவிலயிருந்து வரலன்னு சொன்னேன். இந்தியாவிலயும் இதே கல்லுதான் இருக்கு. ஒரு காலத்துல ரெண்டும் ஒரே நிலம். அதனால கல்லைப் பாத்து எந்த ஊருன்னு என்னால சொல்ல முடியாது. எங்க பூட்டன் கொண்டுவந்தேன்னு சொன்னாரு. அவரைப் பொய்யன்னு சொல்ல என்கிட்ட எந்தச் சாட்சியும் இல்ல. தர்ஷினி அன்னைக்கே கேட்டுச்சு. நான்தான் வாயை அடைச்சிட்டேன்."

அப்புறம் தர்ஷினியேதான் கையைத் தூக்கினாள்.

"அப்போ டீச்சர், சோதனையில வந்தா என்ன எழுதுறது?"

ஆண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். போன வருஷம் பீலியடியில் அண்ணனைச் சீண்டியவரும் சிரித்தார்.

"தெரியாதுன்னு எழுது புள்ள" என்றார் அண்ணன். "ஒங்க டீச்சரே இப்பத்தான் அதைப் படிச்சிருக்காங்க."

குனிந்து பையை அவிழ்த்தார். விளக்கை ஏற்றினார். முதல் கத்தியை எடுத்தவர், தீட்டாமல் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இங்க வா."

என் கையைப் பிடித்துக் கல்லின் ஓரத்தில் வைத்தார். எண்ணெய்க்கும் சந்தனத்துக்கும் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு வழுவழுப்பான பள்ளம். இத்தனை வருஷத்தில் அதை நான் தொட்டதே இல்லை. பள்ளத்தோடு விரலை ஓட்டிக்கொண்டே போனேன். உடைந்த இடத்தில் சட்டென்று முடிந்தது. மீதி கோத்தகிரியில் இருக்கிறது.

அண்ணன் மூன்று தரம் தீட்டினார். மற்றவர்கள் அவரவர் கத்தியை எடுத்துக்கொண்டு மலை ஏறத் தொடங்கினார்கள். நான் பையிலிருந்து வெற்றிலைத் தட்டை எடுத்தேன். மூன்றாவது தடவை. அவசரத்தில் தட்டு சாய்ந்து பாக்கு ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை கவிதாவுக்கு..."

அவர் குனிந்து பாக்கை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தார். அப்புறம் தட்டை வாங்கிக்கொண்டார்.

"மாலைக்கு ஹட்டன்ல சொல்லி வச்சாச்சு. ரோசா மாலை. விடியக்காலையிலயே கட்டித் தந்துருவான்."

"எப்பண்ணே சொன்னீங்க?"

"போன மாசமே. நீ போனைத் தூக்கிட்டு வந்தியே, அதுக்கு முன்னாடியே."

தட்டைச் சாமிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு அண்ணன் மலை ஏறினார். நான் பதினான்கு பிள்ளைகள் முன்னால் நின்று அழுதேன்.